அறிகுறியே இல்லாத குழந்தைக்கு இரத்த ஈயப் பரிசோதனை தேவையா?

பதிவு 1 · தளிர்நடை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 18 மாதம் ஆகிறது. நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. சென்ற மாதம் ஜன்னல்களைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். வேலை நடந்த பத்து நாட்களும் நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். அவள் தவழ்ந்ததும் தத்தித் தத்தி நடந்ததும் அந்தத் தரையில்தான். பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்று வேலை முடிந்த பிறகுதான் ஒருவர் சொன்னார். பதறிப்போய் மருத்துவரிடம் கேட்டேன். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வயிற்றுவலி இல்லை, ஆகவே பரிசோதனை எதற்கு என்று அவர் அனுப்பிவிட்டார். மனம் கேளாமல் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சிறு கருவியில் பார்த்தார். டெசிலிட்டருக்கு 7.4 மைக்ரோகிராம் என்று வந்தது. சிரையிலிருந்து மீண்டும் இரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றார்.

7.4 என்பது எவ்வளவு அஞ்ச வேண்டிய எண் என்பது என் முதல் கேள்வி. அறிகுறி இல்லாவிட்டால் பரிசோதனை வேண்டாம் என்று முதலாமவர் சொன்னது சரிதானா என்பது இரண்டாவது. எங்கள் வீட்டில் சுரண்டும் வேலை நடந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படி எதுவும் நடக்காத வீட்டில் வளரும் குழந்தைக்காக யார் சந்தேகப்படுவார்கள் என்ற எண்ணம் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. மூத்தவனுக்கு ஐந்து வயது. அவனையும் பார்க்க வேண்டுமா?

பதிவு 2 · குழந்தைநல மருத்துவர்

சகோதரி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் இதைக் கேட்டு வருத்தத்தோடு திரும்பிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, ஓயாத எரிச்சல் ஆகியவை பெரும்பாலும் ஈயம் மிகுதியாக ஏறிய பிறகே வெளிப்படும்; வலிப்பும் மயக்கமும் பொதுவாக 70 மைக்ரோகிராமுக்கு மேல் காணப்படுபவை. 7 அளவிலுள்ள குழந்தையும் 1 அளவிலுள்ள குழந்தையும் பார்வைக்கு ஒன்றுபோலவே ஓடியாடிக் கொண்டிருப்பார்கள். மூளையில் நிகழும் இழப்போ அதற்குள் தொடங்கிவிடுகிறது. உலகின் ஏழு ஆய்வுகளில் பின்தொடரப்பட்ட 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியான பகுப்பாய்வின்படி, இரத்த ஈயம் 2.4இலிருந்து 10 வரை உயரும்போது நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) 3.9 புள்ளிகள் குறைகின்றன. 10இலிருந்து 20 வரை 1.9 புள்ளிகளும், 20இலிருந்து 30 வரை 1.1 புள்ளிகளும் குறைகின்றன. அதாவது ஒவ்வொரு மைக்ரோகிராமுக்குமான இழப்பு தாழ்ந்த அளவுகளில்தான் அதிகம். ஆகவே அறிகுறிக்காகக் காத்திருப்பது, எது பெரிதும் இழக்கப்படுகிறதோ அது இழக்கப்படும்வரை காத்திருப்பதே ஆகும்.

ஒன்று, இரண்டு வயதுகளை நாங்கள் குறிவைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வயதில் கை தரையில் இருக்கும், அடுத்த நொடி வாயில் இருக்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் குடல் ஏற்றுக்கொள்கிறது. இரும்புச்சத்துக் குறைபாடும் சேர்ந்தால் அது இன்னும் கூடும். இரத்த அளவு பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது. அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்ட் திட்டத்தின்கீழ் வரும் குழந்தைகளுக்கு 12ஆம் மாதத்திலும் 24ஆம் மாதத்திலும் பரிசோதனை கட்டாயம் என்று விதித்திருப்பது இதனால்தான்.

எண்ணுக்கு வருகிறேன். 1960களில் 60 மைக்ரோகிராம் வரை கவலையில்லை என்றார்கள். பிறகு 40, 30, 25 என்று படிப்படியாக இறங்கி, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த 3.5 நஞ்சுக்கும் நலத்துக்கும் இடைப்பட்ட கோடு அன்று. அந்நாட்டின் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் மிகுதியான அளவுடைய 2.5 விழுக்காட்டினரை அடையாளங்காட்டும் புள்ளிவிவரக் கோடு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்தச் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் அது ஏற்கவில்லை.

7.4 உறுதியானால் மருந்து தேவைப்படும் எண் அன்று. ஈயத்தைப் பிணைத்து உடலிலிருந்து வெளியேற்றும் கீலேஷன் மருந்து பற்றிய பேச்சு 45இல்தான் வரும். ஆனால் வீட்டைச் சும்மா விட்டுவிடக் கூடிய எண்ணும் அன்று. சிரை இரத்தப் பரிசோதனைக்கு இந்த வரம்பில் மூன்று மாதம்வரை அவகாசம் உண்டென்றாலும், தூசி இன்னும் வீட்டில் இருப்பதால் இந்த வாரமே செய்துவிடுங்கள். மூத்தவனுக்கும் சேர்த்தே எடுங்கள்.

பதிவு 3 · சோதனைக்குழாய்

நான் ஆய்வகத்தில் பணிபுரிபவன். விரல் நுனிச் சொட்டைப் பற்றி ஒரு விளக்கம் தர விரும்புகிறேன். அந்த முறை கண்டறிவது இரத்தத்தில் உள்ள ஈயத்தை மட்டுமன்று, விரல் தோலில் ஒட்டியிருக்கும் ஈயத்தையும் சேர்த்துத்தான். தூசி படிந்த வீட்டுக் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைக்காமல், ஆல்கஹால் பஞ்சால் மட்டும் ஒற்றிவிட்டுக் குத்தினால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு. எனவே விரல் நுனியில் உயர்ந்து வந்த எண்ணைச் சிரை இரத்தத்தால் உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கழுவிய கையில் எடுத்த சொட்டில் குறைவாக வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம்.

கருவிகளும் தவறும். கையடக்கக் கருவிகள் மின்வேதியியல் முறையில் அளப்பவை, ஏறத்தாழ 3.3 மைக்ரோகிராமுக்குக் கீழே அவற்றால் அளக்க இயலாது. பரவலாகப் பயன்பட்ட அத்தகைய கருவி ஒன்றின் சோதனைப் பெட்டிகள், உண்மையைவிடக் குறைத்துக் காட்டியதால் 2021இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்பே 2017இல், அந்த வகைக் கருவிகளில் சிரை இரத்தத்தைச் சோதிக்க வேண்டாம் என்று அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருந்தது. ஆகவே சிரை இரத்தத்தை அதே சிறு கருவியில் வைக்காமல், மிக நுண்ணிய அளவையும் துல்லியமாக அளக்கும் நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் எடுக்கும் குழாயும் ஈயமற்றது என்று சான்றளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: அறிக்கையில் அலகைப் பாருங்கள். சில நாடுகளில் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று தருவார்கள். 0.17 என்று படித்து நிம்மதியடைந்த ஒருவரை எனக்குத் தெரியும், அந்த 0.17தான் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்.

பதிவு 4 · எண்கணக்கு

தளிர்நடை அவர்களின் குழந்தை நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். அவருடைய வீட்டில் சுரண்டும் வேலை நடந்திருக்கிறது, காரணம் இருக்கிறது, பரிசோதித்தது சரி. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை என்பது வேறு கேள்வி. பொதுச் சுகாதாரப் புள்ளியியலில் பணியாற்றுபவள் என்ற முறையில் அதற்கு என் தயக்கத்தைப் பதிவு செய்கிறேன்.

ஒரு நோயைத் தேடிப் பிடிப்பதற்கு நியாயம் வேண்டுமானால், பிடித்த பிறகு செய்யக்கூடியது ஒன்று இருக்க வேண்டும். 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 குழந்தைகளுக்குச் சக்சிமர் என்ற கீலேஷன் மருந்தையும் வெற்று மருந்தையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2001இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களின் இரத்த அளவு இறங்கியது. மூன்றாண்டுக்குப் பிறகு அறிவுத்திறன் தேர்வுகளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. போனது திரும்பவில்லை. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2019இல், அறிகுறியற்ற ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதிப்பதால் விளையும் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

இதைவிட என்னை வருத்துவது வேறு. குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து வீட்டில் ஈயம் இருப்பதைத் தெரிந்துகொள்வதென்றால், அந்தக் குழந்தையை நாம் அளவுகருவியாக ஆக்கிவிட்டோம் என்று பொருள். சுவரையும் குழாயையும் தூசியையும் குழந்தை பிறக்கும் முன்பே சோதித்திருக்க வேண்டாமா? பணியாளர்களும் பணமும் எங்கும் குறைவுதான். அவற்றை ஊசியில் செலவிட்டுவிட்டு, சுவரை யாரும் தொடாமல் விட்டுவிடும் நாடுகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ஒருவரும் வராத நிலையில், அந்தத் தாய்க்கு நாம் கொடுத்தது அச்சம் மட்டுமே.

பதிவு 5 · குழந்தைநல மருத்துவர்

எண்கணக்கு அவர்களின் கடைசி வரியை நான் முழுமனதாக ஏற்கிறேன். எண் வந்த பிறகு வீட்டைப் பார்க்க ஆள் இல்லாத பரிசோதனைத் திட்டம் முழுமையானதன்று. சக்சிமர் சோதனையைப் பற்றி அவர் சொன்னதும் சரியே. ஆயினும் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை, ஏனென்றால் இந்தப் பரிசோதனையின் பயன் மருந்தில் இல்லை. ஈயம் வரும் வழியை அடைப்பதில் இருக்கிறது. அதே வீட்டில் அடுத்துப் பிறக்கப்போகும் குழந்தைக்கும், அதே குழாயில் தண்ணீர் குடிக்கும் ஊருக்கும் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் தன் குடிநீரை ஆற்றுக்கு மாற்றியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. தண்ணீரில் குறையில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குழந்தைநல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் எடுத்துக்காட்டியவை புதிதாக எடுத்த இரத்த மாதிரிகள் அல்ல. வழக்கமான பரிசோதனைகளில் ஏற்கெனவே பதிவாகியிருந்த எண்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத அளவுடையவர்களின் பங்கு 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாக உயர்ந்திருந்தது. அடுத்த மாதமே நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. அந்த ஊரில் அறிகுறி உள்ளவர்களை மட்டும் சோதித்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவே எண் இருந்திருக்காது.

2023இல் வட கரோலினாவில் ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளுக்கு வழக்கமான பரிசோதனையில் ஈயம் உயர்ந்திருப்பது தெரிந்தது. வீட்டைச் சோதித்தார்கள், காரணம் அகப்படவில்லை. குழந்தைகள் விரும்பி உண்ட, பொட்டலத்தில் அடைத்த பழக்கூழில் சேர்த்திருந்த இலவங்கப்பட்டைத் தூளில்தான் ஈயம் இருந்தது. எந்தச் சுவரைச் சோதித்திருந்தாலும் அது வெளிப்பட்டிருக்காது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் அதை உண்டிருந்தது பிறகு தெரியவந்தது.

பரிசோதனையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நைஜீரியாவின் ஸம்ஃபாரா சாட்சி. தங்கத் தாதுவை ஊருக்குள்ளேயே அரைத்ததால் மண் முழுவதும் ஈயம் பரவியிருந்தது. 2010இல் வெளியுலகுக்குத் தெரிந்த முதல் செய்தி, காரணம் புரியாமல் வலிப்பு வந்து குழந்தைகள் இறக்கிறார்கள் என்பதே. 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியை என்னால் இன்றும் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

பதிவு 6 · பழையசுவர்

முப்பது ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். மருத்துவம் தெரியாது, தூசி தெரியும்.

அம்மா, குழந்தைகள் பெயின்டுச் சில்லைப் பிய்த்துத் தின்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில்லு கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆபத்து. ஜன்னல் கதவும் சட்டமும் ஒவ்வொரு முறை உரசும்போதும் பழைய பூச்சு மாவாக உதிர்ந்து கீழ்ச்சட்டத்தில் தங்கும். சுரண்டாத வீட்டிலும் அது நடக்கும். உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ, இயந்திரத்தால் தேய்த்தாலோ, நெருப்புக் காட்டி உரித்தாலோ வீடு முழுவதும் பரவிவிடும். பூச்சை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இருக்க வேண்டும், அந்த அறையை மூடி வைக்க வேண்டும், குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. வேலை செய்தவர் அதே உடையோடு தன் வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்கவும் கூடாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் குழந்தைகளை, வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததா என்று கேட்காமலேயே பரிசோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: துடைப்பத்தை எடுக்காதீர்கள். பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும். சோப்பு நீரில் நனைத்த துணியால் ஜன்னல் கீழ்ச்சட்டம், தரை, விளையாட்டுப் பொருட்கள் எல்லாவற்றையும் துடைத்து, துணியைத் துவைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். சாதாரண வாக்குவம் கருவி நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது வேண்டும். பிறகு தூசி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இது புதிதாகத் தெரிந்த செய்தியும் அன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு வந்த ஈய நஞ்சுக்கு வீட்டுக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் இருந்த பெயின்டே காரணம் என்று 1904இலேயே எழுதிவிட்டார். வெயிலில் அது மாவாகிக் கையில் ஒட்டுவதையும் கவனித்துச் சொன்னார். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயின்டுக்குத் தடை வந்தது 1978இல். இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

பதிவு 7 · அமைதிப்பூ

தலைமுடியைச் சோதித்துச் சொல்கிறார்கள், மருந்து கொடுத்துச் சிறுநீரிலும் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குழந்தைக்கு ஊசி குத்தாமல் அப்படிப் பார்க்கலாம் அல்லவா? ஈயத்தை வெளியேற்றும் சொட்டு மருந்துகளும் விற்கிறார்களே?

பதிவு 8 · சோதனைக்குழாய்

வேண்டாம். முடியில் வெளித்தூசியும் ஒட்டியிருக்கும். உடலுக்குள் உள்ளதை அது சொல்லாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்தால் எவருக்கும் அளவு உயர்ந்தே வரும். அதை ஒப்பிடுவதற்கு ஏற்கப்பட்ட அளவுகோல் கிடையாது.

அந்த மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது. கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்ற மருந்தும் வெறும் டைசோடியம் இ.டி.டி.ஏ. என்ற மருந்தும் பெயரில் நெருங்கியவை. பின்னது இரத்தத்தின் கால்சியத்தை உறிஞ்சிவிடும். 2005இல் அமெரிக்காவில் அந்தப் பின்னது செலுத்தப்பட்ட இரண்டு குழந்தைகள் இதயம் நின்று இறந்தார்கள்.

பதிவு 9 · எண்கணக்கு

மருத்துவர் சொன்ன ஃபிளின்ட் எடுத்துக்காட்டைப் பற்றி நேற்று முழுவதும் யோசித்தேன். தனி ஒரு குழந்தைக்குப் பயனில்லை என்றே நான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். எண்கள் ஓரிடத்தில் சேரும்போது அவை வேறொரு வேலையைச் செய்கின்றன என்பதை ஏற்கிறேன். அப்படிச் சேர்வதற்கு ஒவ்வோர் ஆய்வகமும் முடிவைப் பொதுப் பதிவேட்டுக்கு அனுப்புவது கட்டாயமாக இருக்க வேண்டும். மருத்துவரின் கோப்பிலேயே தூங்கும் எண்ணால் யாருக்கும் நன்மையில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் மட்டும் என் கருத்து வேறு. ஈயத்தின் பரவலே தெரியாத நாடு எல்லாக் குழந்தைகளையும் ஒரே நாளில் சோதிக்க இயலாது. ஜார்ஜியா நாடு 2018இல் வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றோடு குழந்தைகளின் இரத்தத்தையும் சேர்த்துச் சோதித்தது. 41 விழுக்காட்டினர் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தார்கள். அந்த ஓர் எண்தான் அரசை எழுப்பியது. முதலில் இத்தகைய மாதிரிக் கணக்கெடுப்பு, பிறகு மிகுதியாக உள்ள பகுதிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆபத்துள்ளவர்களைப் பிரிக்கலாம் என்று முன்பு வேறிடத்தில் எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் சொன்ன பணிக்குழுவின் 2019 மதிப்பாய்விலேயே அந்தக் கேள்வித்தாள்கள் உயர்ந்த அளவுடைய குழந்தைகளில் பாதிப் பேரைக்கூடப் பிடிக்கவில்லை என்று இருக்கிறது.

பதிவு 10 · தளிர்நடை

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். சிரை இரத்தத்தில் மகளுக்கு 6.1 வந்தது, மூத்தவனுக்கு 3.8. அவளுக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மருந்து கொடுத்து வருகிறோம். சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து தூசி மாதிரி எடுத்தார். அவள் கட்டிலை ஒட்டிய ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில்தான் மிகுதியாக இருந்தது. எழுந்தவுடன் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வெளியே பார்ப்பாள். இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்கி, முறைப்படி சுத்தம் செய்வித்த பிறகே திரும்பினோம். சென்ற வாரப் பரிசோதனையில் அவளுக்கு 4.3. இவ்வளவு செய்தும் ஏன் முழுவதும் இறங்கவில்லை என்று மனம் தவிக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் அடுத்ததாகப் போன வீட்டில் பத்து மாதக் குழந்தை இருப்பது தெரிந்தது. நேரில் சென்று சொன்னேன். அந்தக் குழந்தைக்கு வியாழக்கிழமை இரத்தம் எடுக்கிறார்கள்.

பதிவு 11 · குழந்தைநல மருத்துவர்

சகோதரி, இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் எலும்பு அதைக் கால்சியமென்று எண்ணிச் சேர்த்துவைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத் திருப்பி விடும். இறங்கும் திசைதான் முக்கியம். இரும்புச்சத்து மருந்தை நிறுத்தாதீர்கள், மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். பள்ளி செல்லும் வயதுவரை பேச்சு, கவனம், கற்றல் ஆகியவற்றை ஒவ்வொரு வருகையிலும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் முன்கூட்டியே பயிற்சி தொடங்குவதால் பயனுண்டு.

பதிவு 12 · பழையசுவர்

அந்தப் பத்து மாதக் குழந்தை வீட்டில் மாடிப்படி இருக்கிறதா என்று கேளுங்கள், அம்மா. இருந்தால் கைப்பிடியின் அடிப்பக்கத்திலும் தூசி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பிடித்து நிற்கப் பழகும் வயது அது; சோதிக்க வருபவர்கள் பெரும்பாலும் மேற்பக்கத்தை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.